பிள்ளை பெற்ற வீட்டின் முதல் நாற்பது நாட்கள்

(மயிலாடும்பாறையில் நடைபெற்ற தாய் சேய் நலக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற சுகாதாரச் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)

ஊராட்சித் தலைவர் அவர்களே, மகளிர் குழுச் சகோதரிகளே, பேரன் பேத்தி எடுத்த பெரியோர்களே, கதவோரத்தில் நிற்கும் தம்பிமார்களே!

தம்பிமார்களைத் தனியே குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. பிள்ளைப்பேறு பற்றிய பேச்சில் தங்களுக்கு என்ன வேலை என்று எண்ணி அவர்கள் வாயிலிலேயே நின்றுவிட்டார்கள் போலும். அன்புகூர்ந்து உள்ளே வந்து அமருங்கள். இன்று நான் கூறப்போவனவற்றில் பாதிக்கு மேல் உங்களுக்கும் உங்களைப் பெற்ற தாயாருக்கும் உரியவை. பிள்ளை பெற்றவளுக்குச் சொல்ல வேண்டியவை சிலவே. அவளைச் சுற்றியிருப்போருக்குச் சொல்ல வேண்டியவையே மிகுதி.

ஒரு பெண் கருவுற்றது முதல் பிரசவம் வரையில் இப்பொழுது கவனிப்புக்குக் குறைவில்லை. பெயரைப் பதிகிறோம், ஊசி போடுகிறோம், இரத்தம் சோதிக்கிறோம். 1987ஆம் ஆண்டு தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, படிப்படியாக உயர்ந்து பணமும் சத்துணவுப் பெட்டகமுமாகக் கிடைத்து வருகிறது. வலி கண்டால் 108 வண்டி வருகிறது. வளைகாப்புக்கு ஊரே கூடுகிறது. ஆனால் தாயும் சேயும் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய அன்றே எல்லோருடைய கண்ணும் குழந்தையின் மேல் சென்றுவிடுகிறது. பெற்றவள் பின்கட்டு அறையில் ஒரு பாயில் ஒதுக்கப்படுகிறாள். குழந்தையைப் பார்க்க வருபவர் நூறு பேர், அவர்களுள் "நீ நேற்று எத்தனை நாழிகை தூங்கினாய், அம்மா?" என்று அவளைக் கேட்பவர் ஒருவரும் இல்லை.

2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தவை 13. அகில இந்தியக் கணக்கு 28. இது நாம் பெருமைப்படத் தக்க முன்னேற்றமே. ஆயினும் அந்தப் பதின்மூன்றும் பதின்மூன்று வீடுகளின் துயரமன்றோ? உலகெங்கும் முதல் மாதத்தில் மடியும் சிசுக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு முதல் வாரத்திலேயே மடிகின்றன. மருத்துவமனையின் கவனிப்பு முடிந்து வீட்டின் கவனிப்பு தொடங்கும் நாட்களும் அவையே. எனவே வீட்டிலுள்ளோர் என்ன செய்கிறார்கள், என்ன செய்யாமல் இருக்கிறார்கள் என்பது மிகப் பெரிய செய்தி.

செய்யாமல் இருக்க வேண்டியதிலிருந்தே தொடங்குகிறேன். பிள்ளை பிறந்ததும் நம் பக்கத்தில் "சேனை வைப்பது" என்றொரு வழக்கம். குடும்பத்தில் நற்பெயர் எடுத்த ஒருவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ விரலில் தொட்டுக் குழந்தையின் நாவில் வைப்பார். அவருடைய குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் உள்ள அன்பை நான் குறை கூறவில்லை. எனக்குச் சேனை வைத்தவர் என் அப்பத்தா. அவருடைய பிடிவாதம் அப்படியே எனக்கு வந்திருப்பதாக என் வீட்டார் இன்றும் கூறுவர்! ஆனால் குணம் வருகிறதோ இல்லையோ, விரலில் உள்ள கிருமி தவறாமல் வரும். தேனில் சில வேளைகளில் ஒரு நுண்கிருமியின் வித்து இருப்பதுண்டு. பெரியவர்களின் வயிற்றில் அது ஒன்றும் செய்வதில்லை. ஓராண்டு நிறையாத குழந்தையின் குடலிலோ அது முளைத்து நஞ்சு சுரந்து, கை கால்களைத் துவளச் செய்து, மூச்சையும் நிறுத்தக்கூடும். ஆதலின் பெரியவர் குழந்தையைக் கையில் ஏந்தட்டும். தலையில் கை வைத்து வாழ்த்தட்டும். காதில் பெயரைச் சொல்லட்டும். நாவில் முதலில் படுவது தாயின் பாலாக இருக்கட்டும்.

அந்த முதற்பால் மஞ்சள் நிறமாய், கெட்டியாய், சிறிதளவே சுரக்கும். அதைக் கண்டு, "இவளுக்குப் பால் இறங்கவில்லை, பிள்ளை பட்டினி கிடக்கிறது" என்று கூறிப் பால்மாவு டப்பாவைத் தேடுவோர் உளர். ஆடு மாடு வளர்க்கும் ஊர் இது. கன்று ஈன்றதும் அதற்குச் சீம்பால் ஊட்டாமல் விட்டால் கன்று தேறாது என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கன்றுக்குத் தெரிந்த நியாயம் பிள்ளைக்கும் பொருந்தும். பிறந்த அன்று குழந்தையின் வயிறு கொள்வது ஒரு வேளைக்கு ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. சீம்பாலின் அளவு அதற்குப் போதுமானது. அதிலுள்ள நோய் தடுக்கும் சத்தோ வேறு எதிலும் இல்லை. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் மார்பில் சேர்த்துவிட வேண்டும். பின்னர் இரவு பகலாக 8 முதல் 12 தடவை வரையில், கேட்கும்போதெல்லாம் கொடுக்க வேண்டும். சித்திரை வெயிலில்கூடத் தனியே தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலில் நூற்றுக்கு ஏறத்தாழ 87 பங்கு நீரே. தண்ணீர் தேவைப்படுவது தாய்க்கு. பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று அவளுக்குச் சொம்பை மறைக்கும் வீடுகள் இன்றும் உள. பத்தியம் என்ற பெயரால் பருப்பையும் கீரையையும் முட்டையையும் விலக்கி, வெறும் ரசச்சோறு போட்டுவிட்டு, பால் போதவில்லை என்று குறை கூறுவது எவ்வாறு தகும்? பூண்டுக் குழம்பு வையுங்கள், நன்று; முருங்கைக்கீரை சமையுங்கள், மிக நன்று. அவள் வயிறு நிறைய உண்ணட்டும். இரும்புச் சத்து மாத்திரையைப் பிரசவத்திற்குப் பிறகும் 180 நாட்கள் அவள் விழுங்க வேண்டும்.

பால் போதுகிறதா என்பதை எவ்வாறு அறிவது? அழுகையைக் கொண்டு அன்று, துணியைக் கொண்டு. ஆறாம் நாள் முதல் குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது என்று பொருள். முதல் சில நாட்களில் குழந்தை சற்று எடை குறைவது இயல்பு. இரண்டு வாரத்திற்குள் பிறந்த எடையை அது மீண்டும் எட்டிவிட வேண்டும்.

இனி என் சொந்த அனுபவம் ஒன்று. நான் செவிலியர் பயிற்சி முடித்துச் சில ஆண்டுகள் பணியாற்றிய பிறகே எனக்குத் தலைச்சன் பிள்ளை பிறந்தது. எத்தனையோ குழந்தைகளை இந்தக் கையால் ஏந்தியவள் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. ஒன்பதாம் நாள் இரவு அந்த எண்ணம் அடியோடு போயிற்று. பிள்ளை ஓயாமல் அழுதது. பால் கொடுத்தேன், துணி மாற்றினேன், தோளில் போட்டுத் தட்டினேன், அழுகை நிற்கவில்லை. நள்ளிரவுக்கு மேல் தொட்டிலைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். அப்போது எழுந்து வந்த என் மாமியார் யாதொரு அறிவுரையும் கூறவில்லை. "நீ பாலைக் கொடுத்துவிட்டுப் படு, தாயி. பிள்ளை என் மடியில் கிடக்கட்டும். பசித்தால் நானே எழுப்புகிறேன்" என்றார். மூன்று மணி நேரம் தூங்கினேன். விழித்தபோது பிள்ளையும் அதேதான், அழுகையும் அதேதான். ஆனால் நான் வேறு ஆளாக இருந்தேன்.

பிறந்த குழந்தைக்கு இரவு பகல் என்ற வேறுபாடு தெரியாது. ஒரு நாளில் ஏறத்தாழ 16 மணி நேரம் அது தூங்கும். ஆனால் துண்டு துண்டாகத் தூங்கும். அழுகை வாரத்துக்கு வாரம் வளர்ந்து, ஆறாவது வாரத்தையொட்டி உச்சமடைந்து, மூன்றாம் மாதத்தில் தானே தணியும். நோயில்லாத குழந்தைக்கும் இதுவே இயற்கை. இதை முன்கூட்டியே எவரேனும் எனக்குச் சொல்லியிருந்தால், என் பாலில்தான் குற்றம் என்று அன்று நான் வெதும்பியிருக்க மாட்டேன். அழுகை தாங்கவில்லையென்றால் குழந்தையை மல்லாக்கக் கிடத்திவிட்டு, வேறொருவரைக் கூப்பிடுங்கள். எவரும் இல்லையெனில் ஐந்து நிமிடம் வெளியே போய் நின்றுவிட்டு வாருங்கள். கோபத்தில் ஒருபோதும் குலுக்கிவிடாதீர்கள். பச்சைக் குழந்தையின் மூளை அந்தக் குலுக்கலைத் தாங்காது. "உரம் விழுந்துவிட்டது" என்று சேலையில் போட்டு உருட்டுவதும், குடல் ஏறிவிட்டதென்று தலைகீழாகப் பிடிப்பதும் அவ்வாறே ஆகாதவை.

தூக்கம் என்றதும் நம் ஊர்ப் பொருள் ஒன்று நினைவுக்கு வருகிறது. கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு என்றால் இலவம் பஞ்சு என்பது வெளியூராருக்கும் தெரியும். பேரன் பிறந்ததும் அப்பத்தாவோ அம்மாச்சியோ தம் தோட்டத்துப் பஞ்சைக் கொண்டு முதலில் தைப்பது ஒரு குட்டித் தலையணையே. இதைச் சொல்ல எனக்கு வருத்தம்தான், ஆயினும் சொல்கிறேன். அந்தத் தலையணையை ஓராண்டு எடுத்து வையுங்கள். மெத்தென்ற பஞ்சில் குழந்தையின் முகம் புதைந்தால், திரும்பிக்கொள்ள அதற்கு வலுவில்லை, மூச்சு முட்டும். சமமான, அழுத்தமான விரிப்பில், மல்லாக்கப் படுக்க வைப்பதே நலம். முகத்தின் அருகில் துணிமூட்டையும் போர்வையும் வேண்டாம். குடித்துவிட்டு வரும் தகப்பன் அந்தப் பாயில் படுக்கவே வேண்டாம்.

நம் மலைச்சாரலின் குளிர் வேறு தொல்லை. ஐப்பசி முதல் தை வரையில் வருசநாட்டு மலைக்காற்று இரவில் எவ்வாறு வீசுமென்பது உங்களுக்குத் தெரியும். பெரியவர்களுக்குச் சுகமாக இருக்கும் காற்று, இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தையைக் குளிர்ந்துபோகச் செய்யும். உள்ளங்காலைத் தொட்டுப் பாருங்கள். பிறகு வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். கால் சில்லிட்டு வயிறு சூடாக இருந்தால், குளிர் தாக்கத் தொடங்கியிருக்கிறது. இதற்கு விலையில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. தென் அமெரிக்காவில், கொலம்பியா நாட்டின் தலைநகரான பொகோட்டாவில், எடை குறைந்த குழந்தைகளை வைக்கக் கதகதப்புப் பெட்டிகள் போதவில்லை. 1978ஆம் ஆண்டு எட்கர் ரே சனாப்ரியா என்ற டாக்டர், குழந்தைகளைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்திச் சேர்த்துத் துணியால் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு தன் குட்டியைச் சுமப்பதைப் போன்றது அது. ஏழைமையால் பிறந்த அந்த முறையை இன்று செல்வ நாடுகளும் கைக்கொள்கின்றன. தாய் குளிக்கவும் தூங்கவும் போகும்போது தகப்பனும் சட்டையைக் கழற்றிவிட்டு அவ்வாறு ஏந்தலாம். தம்பிமார்களே, சிரிக்க வேண்டாம். அந்த வேலைக்குப் பால் தேவையில்லை. மார்புச் சூடு இருந்தால் போதும்.

பிறந்து ஒரு நாள் கழியும் வரையில் குளிப்பாட்ட வேண்டாம். எடை குறைந்த குழந்தையெனில், தொப்புள்கொடி விழும் வரையில் ஈரத்துணியால் துடைத்தாலே போதும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும், மூக்கில் வாய் வைத்து ஊதுவதும் கூடா. கதவைச் சாத்திக்கொண்டு சாம்பிராணிப் புகை மூட்டுவதும் அந்தச் சின்ன நெஞ்சுக்கு ஆகாது. தொப்புளில் சாம்பல், மஞ்சள், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். உலர்வாக விட்டுவிட்டால் தானே விழும். துருப்பிடித்த கத்தியாலும், சாணமும் சாம்பலும் பட்ட தொப்புளாலும் பிறந்த ஏழாம் எட்டாம் நாளில் வாய் பூட்டிக்கொண்டு இறந்த குழந்தைகளை முந்திய தலைமுறை கண்டது. அந்த நோயை ஒழித்த நாடாக இந்தியா 2015ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. ஊசியும் சுத்தமான பிரசவமும் செய்த வேலை அது.

சுத்தம் என்று நான் சொல்வது கையை. 1847ஆம் ஆண்டு வியன்னா நகரத்து மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிரசவம் பார்க்கும் முன் மருந்துநீரில் கை கழுவுமாறு டாக்டர்களுக்குக் கட்டளையிட்டார். பிரசவக் காய்ச்சலால் தாய்மார் இறப்பது வெகுவாகக் குறைந்தது. ஆனால் படித்த டாக்டர்களே அவர் சொன்னதை ஏற்கவில்லை. தங்கள் கை அழுக்கென்று ஒருவர் சொல்வதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. நம் வீட்டுக்கு வரும் பெரிய மனிதர்களும் அப்படியே. குழந்தையைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். அதைச் சொல்லும் பொல்லாப்பைப் பெற்றவளின் தலையில் சுமத்தாதீர்கள். வாயிலிலேயே தண்ணீரும் சோப்பும் வைத்து, அந்த வீட்டு மூத்தவரே சொல்லிவிட வேண்டும்.

அழுகிற பிள்ளையைக் கண்டு அஞ்சுகிறோம். உண்மையில் அஞ்ச வேண்டியது அழாத பிள்ளைக்கே. பல ஆண்டுகளுக்கு முன், மலைக்குடியிருப்பு ஒன்றில் ஆறாம் நாள் குழந்தையைப் பார்க்கச் சென்றேன். "இது தங்கமான பிள்ளை, சிஸ்டர். அழுவதே இல்லை, பாலுக்குக்கூட எழுவதில்லை" என்று அதன் அப்பத்தா மகிழ்ந்து கூறினார். விளக்கை அருகில் கொண்டுவரச் சொல்லி உள்ளங்காலைப் பார்த்தேன். மஞ்சளாய் இருந்தது. காமாலை முற்றி மயங்கிக் கிடந்த குழந்தையை நல்ல பிள்ளையென்று அந்த வீடு கொண்டாடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் கிடைத்த ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பிழைத்தது. இப்பொழுது அந்தப் பெண்ணுக்கே கல்யாண வயது.

ஆகவே கவனியுங்கள்: பால் குடிப்பதை நிறுத்துதல், துவண்டு கிடத்தல், உடம்பு கொதித்தல் அல்லது சில்லிடுதல், வலிப்பு, நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்குதல், மூச்சிழுக்கையில் விலாவின் அடிப்பகுதி உள்வாங்குதல், பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் காணுதல் அல்லது உள்ளங்கை உள்ளங்கால் வரையில் மஞ்சள் பரவுதல், தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் கட்டுதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். தோஷம் என்று மந்திரிக்கப் போவதானால், மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்தபின் போய்க்கொள்ளுங்கள். வெயிலில் காட்டினால் காமாலை தீருமென்று நம்பியும் இராதீர்கள். க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இன்று நம் பாதையிலேயே இருக்கிறது. தாய்க்கு உதிரம் மிகுதியாகப் போனாலும், காய்ச்சல் கண்டாலும், கண் இருண்டு வலிப்பு வந்தாலும் அதே அவசரம்தான்.

வீட்டுக்கே வந்து பார்ப்பதால் என்ன பயன் என்று சிலர் கேட்பர். மகாராஷ்டிர மாநிலத்தில் கட்சிரோலி என்பது காடடர்ந்த ஏழை மாவட்டம். அங்கே அபய் பங், ராணி பங் என்ற டாக்டர் தம்பதியர், கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சியளித்து, பிறந்த குழந்தைகளை வீடு தேடிச் சென்று பார்க்கச் செய்தனர். எடை பார்ப்பது, கதகதப்பாக வைப்பது, தாய்ப்பால் ஊட்ட உதவுவது, நோயை முன்னதாகவே கண்டுகொள்வது ஆகியவையே அவர்களுடைய வேலை. அவ்வூர்களில் முதல் மாத மரணம் மூன்றாம் ஆண்டில் 62 சதவீதம் குறைந்ததாக 1999ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. 2011ஆம் ஆண்டு இந்திய அரசு அதனை நாடு தழுவிய திட்டமாக்கியது. 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வீட்டு வாயிலுக்கு வரும் செவிலியரோ ஆஷா பணியாளரோ வெறும் கையெழுத்துக்காக வருபவர் அல்லர். "தீட்டு வீடு, பிறகு வாருங்கள்" என்று அவரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

அந்த வருகைக்கு நம் பக்கத்தில் இன்னொரு பொருளும் இருந்தது. அதைப் பேச எனக்கு நா எழவில்லை; ஆயினும் பேசாமல் போனால் என் பணிக்குத் துரோகம் செய்தவளாவேன். 1986ஆம் ஆண்டு, நமக்கு அண்டையிலுள்ள உசிலம்பட்டிப் பகுதியில் பிறந்த சில நாட்களிலேயே பெண் சிசுக்கள் கொல்லப்படுவதை ஒரு பத்திரிகை நாடறிய வெளியிட்டது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001இல் தேனி உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் வந்தது. வந்ததென்றால், அதற்குத் தேவை இருந்தது என்பதுதானே பொருள்? கருவிலேயே ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைக் குற்றமாக்கும் சட்டம் 1994இல் நிறைவேறியது. அந்தக் கொடுமையின் காலம் போய்விட்டதென்று நாம் ஆறுதல் கொள்கிறோம். ஆனால் இரண்டாவதும் மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்த வீட்டுக்கு இப்பொழுதும் போய்ப் பாருங்கள். பார்க்க வருவோர் குறைவு, பத்தியச் சோறு தாமதம், "இதுவும் பொட்டையா?" என்ற ஒற்றைக் கேள்வி. அதைக் கேட்டவளுக்குப் பால் எவ்வாறு சுரக்கும்? முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்துவிடுகிறாள். குழந்தை அழுதாலும் எடுப்பதில்லை. கொல்லும் கை ஒன்றும் அங்கே இல்லை. ஆயினும் அந்தக் குழந்தை மெலிகிறது. பிறப்பது ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பன் தரும் அணுவே என்பது பள்ளிப் பாடம். அதை மாமியார்மாருக்கு எடுத்துச் சொல்லும் கடமை மகன்களுடையது.

ஆண் பிறந்தாலும் பெண் பிறந்தாலும், பெற்ற மூன்றாம் நாளையொட்டிக் காரணமின்றிக் கண்ணீர் வருவது பல தாய்மாருக்கு இயல்பு. அது சில நாட்களில் நீங்கும். இரண்டு வாரம் கடந்தும் அவள் உண்ணாமல், பிள்ளை தூங்கும்போதும் தான் தூங்காமல், தான் எதற்கும் பயனற்றவள் என்று பேசிக்கொண்டிருந்தால் அது நோய். கொழுப்பும் அன்று, பேயும் அன்று. பூசாரியிடம் அழைத்துச் செல்லாமல் டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். குணப்படுத்தக்கூடிய நோயே அது. இறந்துவிடலாம் என்று ஒரு சொல் சொன்னாலும் அவளைத் தனியே விடாதீர்கள்; அன்றே அழைத்துச் செல்லுங்கள்.

தாய்வீட்டுக்குப் போன மனைவியை மூன்றாம் மாதம் அழைத்து வந்தால் போதும் என்று இருக்கும் கணவர்களுக்கு இரண்டு வேலைகள் சொல்கிறேன். 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்யுங்கள், அதற்குக் கட்டணமில்லை, பெயர் முடிவாகாவிட்டாலும் பதியலாம். ஆறாவது வாரத் தடுப்பூசியின் தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள். அதன் பக்கத்திலேயே 108 என்றும் 102 என்றும் எழுதுங்கள். மேற்கொண்டு மனமிருந்தால், இரவில் ஒருமுறை எழுந்து ஈரத்துணியை மாற்றுங்கள். அதைக் கண்டு உங்கள் தாயார் ஏதேனும் சொன்னால், சிஸ்டர் சொன்னார் என்று என் மேல் பழியைப் போடுங்கள், எனக்குப் பழக்கந்தான்.

நேரமாகிவிட்டது. எடை பார்க்கும் தராசைக் கையோடு கொண்டு வந்திருக்கிறேன். 42 நாள் நிறையாத குழந்தையுடன் வந்திருக்கும் தாய்மார் மட்டும் சற்று இருங்கள். மற்றவர்கள் வெளியே போய்க் காற்று வர வழிவிடுங்கள். இரண்டாவது வரிசையில், பச்சைச் சேலை கட்டி, நான் பேசத் தொடங்கியது முதல் தூங்கி வழிகிற அந்தத் தங்கையை எவரும் எழுப்ப வேண்டாம். அவளுடைய பிள்ளையை இப்படிக் கொடுங்கள்; முதலில் அதன் எடையைப் பார்த்துவிடுவோம்.